சூரியனைப் பற்றிய கடைசிக் கேள்வி

பிரிக்பீல்ட்ஸ்
20 ஜூலை 2025

நிலோ,

நேற்று மாணவர் அறிவியல் போட்டி மண்டபத்தில் நான் சொல்லாதது இது: "இந்தக் கேள்வியைத் தயாரித்தவள் நான். அந்தப் பெண் சொன்னது சரி. சூரியன் நகர்கிறது." பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மூன்று வாக்கியங்களையும் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

இதை வாட்ஸ்அப்பில் எழுத மாட்டேன். உங்கள் மன்றச் செயற்குழுவில் ஒருவருக்கு எது போனாலும் அது கிள்ளான் முழுக்கச் சுற்றி வந்துவிடுகிறது. அதனால்தான் தபால். சிரிக்காதே.

நீ மேடைக்குப் பின்னால் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தாய். முகங்களைப் பார்த்திருக்க மாட்டாய் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் அணியும் காப்பார் அணியும் சமமாக நின்றன. சமநிலை வந்தால் கேட்பதற்கென்று நான் எழுதித் தந்த கடைசிக் கேள்வியை நடுவர் திருச்செல்வம் சார் வாசித்தார்: சூரியன் விண்வெளியில் நகர்கிறதா, ஒரே இடத்தில் நிலையாக இருக்கிறதா? காரணம் கூறுக. பிரிக்பீல்ட்ஸ் பையன், நிலையாக இருக்கிறது, பூமி சுழல்வதால் நகர்வதுபோல் தெரிகிறது என்றான். நன்றாக மனப்பாடம் பண்ணிய பதில். பிறகு காப்பார் அணியில் அந்தச் சின்னப் பெண், சஷ்மிதா, ஒலிவாங்கியைக் கீழே இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"நகருது சார். பூமி, மத்த கோள் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டே போகுது. லோரி ஓடும்போது உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாதில்ல, அந்த மாதிரி."

சபை சிரித்தது. திருச்செல்வம் சாரும் சிரித்தார். கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "நிக்கிறதும்மா அது. சுத்துறது நாமதான். ஒண்ணாம் ஆண்டுலேருந்து சொல்லிக்குடுத்திருப்பாங்களே" என்றார். அவள் "சரி சார்" என்று உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பையன் அவள் காதில் ஏதோ கடிந்து சொன்னான். கோப்பையும் பரிசான லங்காவித் தீவுப் பயணமும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போயின.

நான் எழுதித் தந்த விடை அதுவல்ல. சூரியன் பால்வீதியின் மையத்தைச் சுற்றி விநாடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது, நம்மையெல்லாம் இழுத்துக்கொண்டு. ஒரு சுற்று முடிய இருநூறு மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்வளவும் எழுதியிருந்தேன். திருச்செல்வம் சார் கையில் இருந்த தாளில் என்ன இருந்தது?

நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று உனக்குத் தெரியும். கேள்வி தயாரிப்பவர் யார் என்பது செயலாளரான உன்னைத் தவிர எவருக்கும் தெரியக் கூடாது என்பது மன்றத்தின் வழக்கம். அது மட்டும் என்றால் மீறியிருப்பேன். பிரிக்பீல்ட்ஸ் அணியைப் பயிற்றுவித்தவர் என் பெரியம்மா. என் பெயர் வெளியே வந்தால், தங்கை மகள் கேள்வி தயாரித்தாள், பெரியம்மாவின் பிள்ளைகள் ஜெயித்தார்கள் என்று ஆகிவிடும். அந்தப் பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை.

எனக்குக் கோப்பை முக்கியமில்லை. அந்தப் பெண் ஒரு சரியான விஷயத்தை எங்கிருந்தோ தானாகத் தெரிந்துகொண்டு வந்தாள். அது தப்பு என்று அவள் நம்பிவிடுவதற்குள் யாராவது போய் அவளிடம் சொல்ல வேண்டும். மன்றத்தின் பெயரில் சொல்ல வேண்டும். நீ செயலாளர்.

வசு


கிள்ளான்
26 ஜூலை 2025

வசு,

தபால்தலை ஒட்டிய கடிதத்தைப் பார்த்ததும் ஏதோ சம்மன் வந்துவிட்டது என்று ஹைதர் பயந்துவிட்டார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் கையெழுத்தில் நான் பார்த்தது கடைக்குப் போகும் சீட்டு மட்டும்தான். உன்னால் இப்போது அவரும் ஏதாவது எழுதித் தரட்டுமா என்கிறார்.

திருச்செல்வம் சார் கையில் இருந்த தாளில் நிலையாக இருக்கிறது என்றுதான் இருந்தது. தாளில் உள்ளபடிதான் அவர் தீர்ப்பு சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று விதிமுறையில் இருக்கிறது, எல்லா அணியும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

நீ ஒரு பிள்ளைக்காக இவ்வளவு எழுதுகிறாய். அன்றைக்கு மண்டபத்தில் பத்துப் பள்ளிப் பிள்ளைகள். ஒன்பது பள்ளிப் பிள்ளைகள் முகம் வாடித்தான் வீட்டுக்குப் போனார்கள். காப்பார் பிள்ளைகள் வெளியே வந்து கௌஸ் மாமா கடையிலிருந்து அனுப்பிய மீ கோரேங் நூடுல்ஸை ஒரு பிடி பிடித்தார்கள், நானே பரிமாறினேன். சஷ்மிதா இரண்டாவது தட்டு கேட்டாள். உலகம் முடிந்துவிட்ட பிள்ளை இரண்டாவது தட்டு கேட்காது.

மன்றத்தின் பெயரில் நான் என்ன சொல்வது? தாள் தப்பு என்றா? அப்படியானால் தாளைத் தயாரித்தது யார் என்று கேட்பார்கள். நான் யார் பெயரைச் சொல்வது? உன் பெரியம்மா அந்த அணியை எடுத்துக்கொண்டார் என்று தெரிந்த அன்றே, நான் விலகிவிடவா என்று கேட்டாய். யாருக்கும் தெரியப் போவதில்லை, இரு என்றேன். இப்போது தெரியாமலே இருக்கட்டும்.

இதை விட்டுவிடு, வசு. நீ எதையும் விடுவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நிலோபர்


பிரிக்பீல்ட்ஸ்
30 ஜூலை 2025

நிலோ,

"தாளில் உள்ளபடி" என்று எழுதியிருக்கிறாய். "நீ எழுதியபடி" என்று எழுதவில்லை. நான் எழுத்துப் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவள், நிலோ. ஒருவர் எந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

இங்கே பெரியம்மா வீட்டில் கோப்பை குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போன கோப்பையைத் தூசு துடைக்க என்று பெரியம்மா திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் கடைசிக் கேள்வியின் கதையைச் சொல்கிறார். "மற்றப் பிள்ளை சூரியன் ஓடுது எண்டு சொல்லிப் போட்டுது. எங்கட பிள்ளை தடுமாறேல்லை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார், நானும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்று. நான் தேநீர் போடப் போய்விடுகிறேன். இந்த வாரம் இந்த வீட்டில் நான் போட்ட அளவு தேநீர் எப்போதும் போட்டதில்லை.

பெரியம்மாவிடம் ஒருநாள் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன், சூரியன் தை மாதம் மகரத்துக்குப் போகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து நாள் குறிக்கிறீர்களே, அது போகாமல் எப்படிப் போகும் என்று. "அது சாத்திரம், இது விஞ்ஞானம். இரண்டையும் ஏன் பிள்ளை குழப்புறாய்?" என்றார். அவருக்கு இரண்டும் இரண்டு அலமாரி. எதையும் எங்கும் மாற்றி வைக்க மாட்டார்.

நான் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். என் பிறந்தநாள் வரும்போதெல்லாம் பூமி ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். வருவதே இல்லை. சூரியன் அதற்குள் எங்கோ போயிருக்கும், நாமும் கூடவே. நாம் இருந்த எந்த இடத்துக்கும் மறுபடி வந்ததில்லை. இதை முதன்முதலில் படித்த நாளில் ஒருவரிடமும் சொல்லாமல் சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். அதைத்தான் சபையில் சிரித்துத் துடைத்துவிட்டார்கள்.

நேராகக் கேட்கிறேன். என் விடையை மாற்றியது யார்?

வசு


கிள்ளான்
5 ஆகஸ்டு 2025

வசு,

நான்தான்.

இதை எழுதிவிட்டுக் கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நீ மீதியையும் கேட்பாய்.

நீ மறைந்து உட்கார்ந்திருக்கிறாய். கேள்வி தயாரிப்பவர் யாரென்று தெரியக் கூடாது என்பது உனக்கு வசதியான வழக்கம். வெளியே நிற்பது யார்? என் பெயர்தான். எல்லாரும் கேள்வியை நிலோபர் டீச்சர்தான் தயாரிக்கிறாள் என்று நினைக்கிறார்கள். ஒரு கேள்வி கஷ்டமாக இருந்தாலும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

கௌஸ் மாமா கடையை உனக்குத் தெரியும். திருச்செல்வம் சார் காலையில் அங்கேதான் ரொட்டி சாப்பிடுகிறார். ஜூன் மாதம் ஒருநாள் தொலைக்காட்சியில் ஏதோ விண்கலத்தைக் காட்டினார்கள். மாமா தே தாரேக் தேநீர் ஆற்றிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். "இதெல்லாம் நம்ம குர்ஆன்ல எப்பவோ சொல்லியாச்சு லா. சூரியன் ஓடுது. இவனுங்க இப்பதான் எந்திரிச்சு வர்றானுங்க." அவர் இதைச் சொல்லாத வாரம் கிடையாது. எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நம்பிக்கை என்னுடையதும்தான். ஆனால் அவர் அதைக் கல்லாவில் நின்றுகொண்டு எல்லாரையும் மடக்குவதற்கு எடுப்பது எனக்குப் பிடிக்காது. திருச்செல்வம் சார் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "செயலாளரம்மா, மாமா சொல்றதெல்லாம் கேள்வித்தாள்ல வந்துடாம பாத்துக்குங்க" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் உன் உறை வந்தது. பிரித்துப் பார்த்தால் கடைசிக் கேள்வி இது.

நீயே சொல். சபையில் அந்தக் கேள்வி வந்து, விடை 'நகர்கிறது' என்று இருந்தால், அந்தக் கடை மேசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் யாரைப் பார்ப்பார்கள்? பால்வீதியையா? நீ எழுதினாய் என்றும் என்னால் சொல்ல முடியாது. தமிழ் அறிவியல் போட்டியில் நிலோபர் தன் சமயத்தைச் சொருகிவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், பத்து வருஷம் நான் இந்த மன்றத்துக்கு உழைத்தது எங்கே போகும்? இப்போதே, "நீங்க எப்படி இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறீங்க டீச்சர்?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் வேறென்ன பேசுவோம் என்று நினைக்கிறார்களோ.

கேள்வியையே எடுத்திருக்கலாம்தான். எடுத்தால் நீ ஏன் என்று கேட்பாய். விடையை மாற்றினால் பாடநூலோடு ஒத்துப்போகும், ஒருவரும் கேட்க மாட்டார்கள். சமநிலை வந்தால்தானே அந்தக் கேள்வி, எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டேன். வந்தது.

இப்போது நீ என்னைத் திட்டலாம்.

நிலோபர்


பிரிக்பீல்ட்ஸ்
12 ஆகஸ்டு 2025

நிலோ,

திட்டி எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

நீ பயந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதில்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உறையில் போட்டு அனுப்பிவிட்டு, அதைத் திறக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆனால் புரிகிறது என்று எழுதிய பிறகும் கோபம் அப்படியே இருக்கிறது. கௌஸ் மாமா சொல்கிறார் என்பதற்காக ஒரு உண்மை பொய்யாகிவிடுமா? அவர் ஒரு காரணத்துக்காகச் சொல்கிறார், பஞ்சாங்கம் ஒரு காரணத்துக்காகச் சொல்கிறது, நான் படித்தது வேறொரு காரணம். இவர்கள் ஒருவரும் இல்லாவிட்டாலும் சூரியன் போய்க்கொண்டுதான் இருக்கும். நீ அதை நிறுத்தினாய், நிலோ. ஒரு தாளில், பேனாவால். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கேள்வியையே எடுத்திருப்பேன்.

அந்தக் காட்சியை யாரோ கைத்தொலைபேசியில் எடுத்திருக்கிறார்கள். நேற்று பெட்டாலிங் ஜெயாவில் என் அலுவலகம் வரை வந்துவிட்டது. என் பக்கத்து மேசை லோகன் எனக்கே காட்டினார். "லோரி ஓடுற மாதிரியாம், பாருங்களேன்" என்றார். கீழே இருந்த கருத்துகளை வாசித்தேன். ஒருவர்கூட அந்தப் பெண் சொன்னது சரி என்று எழுதவில்லை. நானும் எழுதவில்லை. லோகனிடம் மட்டும் சொன்னேன், அவள் சொன்னதுதான் சரி என்று. "அப்படியா? ஆனா பேசினது சிரிப்பாத்தான் இருக்கு" என்றார்.

என்னால் முடிந்த வழி ஒன்று தோன்றுகிறது. கேள்வி தயாரித்தவள் என்று சொல்லாமல், பார்வையாளர்களில் ஒருத்தி என்று மன்றத்துக்கு எழுதுகிறேன். விடை தவறு, அந்த மாணவிக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்று மட்டும். கோப்பை, பயணம் எதையும் கேட்க மாட்டேன். நீ அதைக் கூட்டத்தில் வை. மாற்றியது நீ என்று சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

அவர்கள் லங்காவிக்குப் போவது செப்டம்பர் விடுமுறையில். அதற்கு முன்னால் நடந்தால் நல்லது.

வசு


கிள்ளான்
29 ஆகஸ்டு 2025

வசு,

கூட்டம் முடிந்துவிட்டது. நடந்தபடி எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

மன்றத்துக்கு நீ பார்வையாளராக அனுப்பிய கடிதத்தை வாசித்தேன். திருச்செல்வம் சார் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். "சரி, நகருதுன்னே வச்சுக்குவோம். எந்தப் பக்கத்துல இருக்கு? ஆறாம் ஆண்டுப் புத்தகத்துல காட்டுங்க" என்றார்.

"புத்தகத்துல இல்ல சார். உண்மையில இருக்கு" என்றேன்.

பொருளாளர் புஷ்பவல்லி அக்கா சொன்னார்: "உண்மைக்கு மார்க் போட நம்மகிட்ட ஸ்கீம் இல்லையே லா, டீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எனக்கு எரிச்சல். பிறகு ஒருவர், சரியான விடை உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே, பிறகு தாளில் இது எப்படி வந்தது என்று கேட்டார். தாளில் முதலில் சரியாகத்தான் இருந்தது, நான்தான் மாற்றினேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஏன் என்பதையும் சொல்லிவிட்டேன். கடை, மாமா, திருச்செல்வம் சார் சொன்ன வேடிக்கை, எல்லாம்.

அவருக்கு அந்த வேடிக்கை நினைவிலேயே இல்லை. "நானா சொன்னேன்?" என்றார். நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "அப்படி யாரும்மா நினைப்பா? நீங்க நம்ம பிள்ளை" என்றார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த விஷயம், ஆண்டு விருந்துக்குக் கோழிச் சோறா, பிரியாணியா.

நான் பயந்ததை ஒருவரும் சொல்லவில்லை, வசு. ஒரு பார்வைகூட இல்லை. சண்டை போடத் தயாராகிப் போயிருந்தேன், அவர்கள் என்னை நாற்காலி இழுத்து உட்காரச் சொன்னார்கள். எதற்காக அந்தப் பிள்ளையின் விடையைக் கெடுத்தேனோ அது அங்கே இல்லவே இல்லை. இல்லையா, வெளியே தெரியவில்லையா என்றும் எனக்கு நிச்சயமில்லை. அதை இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிவு: நடுவர் தீர்ப்பு மாறாது. மாணவிக்குக் கடிதம் கிடையாது, கொடுத்தால் மற்றப் பள்ளிகளும் கேட்கும். அடுத்த வருஷத்திலிருந்து பாடநூலில் உள்ள கேள்விகள் மட்டும். நான் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை. செயலாளர் வேலைக்கு வேறு ஆள் இல்லையாம்.

கேள்வி தயாரித்தது நீ என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

என்னால் ஆனது இவ்வளவுதான். சஷ்மிதாவின் அப்பா பெயர் கன்னையா. மேரு தொழிற்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார். அவர் எண்ணை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ போ. பார்வையாளர் என்று போகாதே, கேள்வி எழுதியவள் என்று போ. என்னை மட்டும் பேச வைத்துவிட்டு நீ பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தால் நமக்குள் இனிப் பேச ஒன்றுமில்லை.

நிலோபர்


பிரிக்பீல்ட்ஸ்
28 செப்டம்பர் 2025

நிலோ,

ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். நீ இதற்கு என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் சாக்குச் சொல்லவில்லை. பெரியம்மாவின் பிள்ளைகள் லங்காவிக்குப் போய்த் திரும்பட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்த ஒரு மாதம் சஷ்மிதாவுடையது என்பதும் எனக்குத் தெரியும்.

பெரியம்மாவிடம் போன திங்கட்கிழமை சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். கேள்வி என்னுடையது, சரியான விடை மற்றப் பிள்ளையுடையது என்றேன். கையிலிருந்த சேலையை மடித்து முடித்தார். "நான் உன்னட்டை எண்டைக்காவது ஒரு கேள்வி கேட்டனானா?" என்றார். இல்லை என்றேன். "சனம் கேட்டனான் எண்டுதான் சொல்லும். முப்பது வருஷம் படிப்பிச்சனான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கோப்பை பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. சாப்பாடு மூடி வைக்கிறார், ஆனால் சாப்பிட வா என்று கூப்பிடுவதில்லை.

நேற்றுக் காப்பாருக்குப் போனேன். கன்னையா அண்ணன் கிள்ளான் ரயில் நிலையத்துக்கே வந்து காரில் கூட்டிப்போனார். டீச்சர் என்றே கூப்பிட்டார், நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. அவர் மனைவி பிஸ்கட்டும் மைலோ பானமும் வைத்தார். சஷ்மிதா பள்ளிக்கூடத்தில் உட்கார்வதுபோல் முதுகை நேராக வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி நான் எழுதியது, அவள் சொன்னது சரி, தாளில் தவறு நேர்ந்துவிட்டது. உன் பெயரைச் சொல்லவில்லை. தவறு எங்களுடையது என்றேன்.

அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இல்ல டீச்சர், நிக்குது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். பள்ளியில் டீச்சர் மறுபடி படம் போட்டு விளக்கினாராம். சூரியன் நடுவில், கோள்கள் சுற்றிலும். அவளும் அதை வரைந்து வகுப்பில் ஒட்டியிருக்கிறாள். முதலில் எங்கே தெரிந்துகொண்டாய் என்றேன். லோரியில் அப்பாவோடு போகும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் பார்த்தாளாம், சூரியன் வால் நீட்டிக்கொண்டு போக, பின்னாலேயே கோள்கள் சுருள் சுருளாகப் போகும் படம். "அது சும்மா அனிமேஷன்" என்றாள். அந்தப் படத்தில் கொஞ்சம் மிகை உண்டு, ஆனால் போவது நிஜம் என்று விளக்கினேன். கொண்டுபோன புத்தகத்தைத் திறந்து காட்டினேன். ஆங்கிலப் புத்தகம். தமிழில் காட்ட என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை. அவள் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அவள் முகம் கொஞ்சம் மாறியது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுத முடியும்.

கன்னையா அண்ணன் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டிப்போல ரெண்டு மாசமா என்னய ஓட்டுறானுங்க டீச்சர். சூரியனுக்கே லைசன்ஸ் எடுத்துக் குடுத்துட்டா உன் மகள்னு. நான் இவள ஒண்ணும் சொல்லல. அவனுங்க பேசினத இவ காதால கேட்டுட்டா. வீடியோவ அழிக்கச் சொல்லி அழுதா." தொடர்ந்து, "அப்ப கப்பு மாறுமா?" என்றார்.

மாறாது என்றேன்.

"லங்காவி?"

போய் வந்துவிட்டார்கள் என்றேன்.

"மன்றத்துலேருந்து ஏதாச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களா?"

இல்லை என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப என்னத்துக்கு டீச்சர் இவ்ளோ தூரம் வந்தீங்க?" நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சரி எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று வந்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எவ்வளவோ படித்த ஒருத்தி இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்வதை மரியாதைக்காக ஏற்றுக்கொண்டார்.

கிளம்பும்போது சஷ்மிதா கார் வரை வந்தாள். "டீச்சர், பரீட்சைல வந்தா எத எழுதணும்?" என்றாள்.

நகர்கிறது என்று எழுது என்றேன்.

"மார்க் குடுப்பாங்களா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அவள் "சரி டீச்சர்" என்றாள். மண்டபத்தில் திருச்செல்வம் சாரிடம் சொன்ன அதே குரலில்.

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. இதைப் பேச உன்னைத் தவிர வேறு ஆளும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் கிள்ளானுக்கு வரட்டுமா?

வசு


கிள்ளான்
4 அக்டோபர் 2025

வசு,

வா. மாமா கடை வேண்டாம், வீட்டுக்கு வா. பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம், உட்கார்ந்திருப்போம்.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு நான் இருந்திருந்தால் நிலையாக இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருப்பேன். நான் டீச்சர். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேண்டும். பரீட்சைக்கு ஒன்று எழுது, மனத்தில் ஒன்று வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். நீ இதற்கும் என்மேல் கோபப்படுவாய். ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டு நீ ரயில் ஏறிவிட்டாய். அவள் திங்கட்கிழமை வகுப்புக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஹைதர் மீன் வாங்குகிறார்.

நிலோபர்


பிரிக்பீல்ட்ஸ்
16 நவம்பர் 2025

நிலோ,

நேற்றுக் கன்னையா அண்ணன் எனக்கு ஒரு படம் அனுப்பினார். சஷ்மிதாவின் அறிவியல் விடைத்தாள். சூரியனைப் பற்றிய கேள்விக்கு, சூரியன் ஒரே இடத்தில் நிலையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டு, முழு மதிப்பெண்.

கீழே அவர் எழுதியிருந்தார்: "டீச்சர், இந்த வாட்டி கரெக்டா எழுதிட்டா."

வாழ்த்துகள் என்று பதில் அனுப்பினேன்.

வசு